அழிக்காத போன்

போனின் முதுகில், கேமராவின் கண் இருக்கும் இடத்தில், யாரோ பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். காயத்துக்குப் போடுவோமே, அதே பிளாஸ்திரிதான். ஒன்று போதாது என்று குறுக்கும் நெடுக்குமாக மூன்று. ஓரங்கள் அழுக்கேறிச் சுருண்டு கிடந்தன. நகத்தால் பிய்த்தபோது மருந்து வாசனை அடித்தது, அதற்கடியில் காயாத துணியின் வாசனை.

ஊசிக்கு அது என்னவோ போலிருந்தது. பழைய போன் வாங்கி விற்கும் தொழிலில் இருபது வருடமாக இருப்பவன் அவன். ஆள் ஒல்லி, சிம் தட்டைத் திறக்கும் ஊசி எந்நேரமும் சட்டைக் காலரில் குத்தியிருக்கும், அதனால் கடைத்தெருவுக்கே அவன் ஊசி. நாய் கடித்த போன், கழிவறையில் விழுந்த போன், புருஷன் பெண்டாட்டி சண்டையில் சுவரில் மோதிய போன் என்று அவன் பார்க்காத போன் கிடையாது. எவனாவது நம்மைப் பார்க்கிறானோ என்று முன்பக்கக் கேமராவை மறைப்பவர்களையும் பார்த்திருக்கிறான். ஆனால் இது கண் தெரியாதவர்கள் வைத்துக்கொள்ளும் போன். பின்பக்கக் கேமராதான் அவர்களுக்குக் கண்ணே. அந்தக் கண்ணை எதற்கு மூட வேண்டும்?

"இத யார் சார் ஒட்டினது?"

"நான்தான்," என்றார் விற்க வந்தவர். ஐம்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. "தூசி படாம இருக்கட்டும்னு."

"உங்களோடதா?"

"என் சம்சாரத்தோடது. போன மாசம் தவறிட்டா. படியில விழுந்து."

ஊசி உச்சுக் கொட்டினான். வழக்கம்போல அடையாள அட்டையின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு விலை சொன்னான். பேரம் பேசுவார் என்று குறைத்துத்தான் சொன்னான். மனிதர் பேசவே இல்லை. கொடுத்ததை வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, "இத யாருக்கு விப்பீங்க?" என்று கேட்டவர், பதிலுக்குக்கூட நிற்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் போனுக்குள் 'விழி' என்ற மென்பொருள் இருந்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் எதிரே என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள், எத்தனை அடி தூரம் என்று சொல்லும். ஒரு வீட்டை நாலு முறை சுற்றி வந்தால் அந்த வீட்டையே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும். வாங்குவது லேசில்லை. அதன் உரிமத்துக்குக் கொடுக்கிற காசில் மூன்று புதுப் போன் வாங்கிவிடலாம். ஒரு உரிமம், ஒரு போன், ஒரு ஆள். ஆள் போனால் உரிமமும் போய்விட வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம்.

பழைய போன் கைக்கு வந்ததும் முதல் வேலை, உள்ளே இருப்பதை முழுக்க அழிப்பது. தொழிலில் அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, காலையில் பல் துலக்குவது மாதிரி. ஊசியும் முதன்முதலில் வந்த 'விழி' போனை அப்படித்தான் அழித்தான். உரிமமும் சேர்ந்து அழிந்தது, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த போன் ஊமையாகிவிட்டது. அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டவன், அதற்குப் பிறகு வந்த எதையும் அழிக்கவில்லை. படம், செய்தி, நம்பர் எல்லாவற்றையும் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பான், 'விழி'யை மட்டும் தொடமாட்டான். செத்துப்போனவர்களின் வீட்டு வரைபடமும், அவர்கள் அதற்குப் பழக்கிய முகங்களும் அப்படியே உள்ளே கிடக்கும். கிடந்தால் கிடக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? இப்படிப் பதினொரு போன் விற்றிருக்கிறான். வாங்கியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். தப்பு செய்கிறோம் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான்.

பன்னிரண்டாவதைத் தங்கைக்கென்று எடுத்து வைத்தான். இரண்டு தெரு தள்ளி, கண் தெரியாத டீச்சர் ஒருத்தர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம், "இன்னும் வரல டீச்சர்," என்று கூசாமல் பொய் சொன்னான்.

தங்கை பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். பதினாறு வருடம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. சர்க்கரை கண்ணைத் தாக்கி, போன வருடம் இரண்டும் அணைந்துவிட்டன. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்கு நடந்த கல்யாணமோ ஒன்பதே மாதத்தில் முடிந்துபோனது. ஆக, அவளுக்கு அவன், அவனுக்கு அவள். கடைக்குப் பின்னால் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து அதில்தான் குடியிருந்தார்கள். லாரி உள்ளே வந்து திரும்புகிற அகலம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம், மேலே தகரக் கூரை, கூரைக் கம்பிகளில் புறாக்கள். கீழே சிமெண்டுத் தரை. ஒரு வாசற்படிகூடக் கிடையாது, கண் தெரியாதவளுக்குத் தோதாக இருக்கும் என்றுதான் அந்த இடத்தையே பிடித்தான்.

"கண்ணு போனதுகூடப் பரவால்லண்ணா. ஒருத்தர் கையப் பிடிச்சாத்தான் பாத்ரூமுக்கே போகலாம்னு ஆயிடுச்சு பாரு," என்று ஒரு நாள் அவள் சொன்னாள். "காலையில எழுந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றிலிருந்து அவளுடைய மாத்திரை டப்பாவைக் கடையில் வைத்துப் பூட்டி, வேளைக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தான். அவளை எப்படியாவது கட்டிலைவிட்டு எழுப்பி நடக்கவைக்க வேண்டும். அவனுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

'விழி'யைத் திறந்ததும், "உரிமையாளர் முகத்தைக் காட்டவும்," என்றது. ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு பெண் குரல். அதற்கெல்லாம் அவனிடம் வழி இருந்தது. விற்றவரின் செத்துப்போன மனைவியின் படம் ஒன்று போனிலேயே கிடந்தது. அதை வேறொரு போனுக்கு மாற்றிப் பெரிதாக்கி, கேமராவுக்கு முன்னால் பிடித்தான். ஏற்றுக்கொண்டது. முடி வெட்டினால், கண்ணாடி மாட்டினால் முகம் மாறுமல்லவா, அதற்காக 'புதிய தோற்றம் சேர்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தித் தங்கையின் முகத்தைக் காட்டினான். இனி அந்தப் போனைப் பொறுத்தவரை இரண்டு பெண்களும் ஒரே ஆள். வேலை முடிந்ததும் பழைய படங்களை இரண்டு போனிலிருந்தும் அழித்தான்.

ஒன்று மட்டும் உறுத்தியது. உரிமையாளரின் தோற்றங்கள் என்று அதற்குள் ஏற்கெனவே நான்கு முகங்கள் இருந்தன. நான்கும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று ரொம்ப இளசு, ஒன்றுக்கு மூக்கே வேறு. பெண்களின் முகம் அலங்காரத்துக்குத் தகுந்த மாதிரி மாறத்தானே செய்யும் என்று அவனே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். தங்கை ஐந்தாவது.

"தோற்றம் சேர்க்கப்பட்டது," என்றது குரல். "வணக்கம், மறுபடியும்."

முதல் வாரம் அந்தக் கிடங்கில் ஒரே சிரிப்பு. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஊசி நாலு சுற்று நடந்து, இடத்தை 'புது வீடு' என்று பதிந்து கொடுத்தான். பழைய 'வீடு' ஒன்று உள்ளே இருந்தது. அதை நீக்கக் கம்பெனியின் ரகசிய எண்ணைக் கேட்டதால் அப்படியே விட்டான். தங்கை போனை நாடாவில் கோத்து மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனாள், அடுப்பைப் பற்றவைத்தாள், டீ போட்டாள். அவனுடைய டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. அவன் அதையும் குடித்தான்.

"எதிரே ஆண். ஒல்லி. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்," என்றது போன்.

"அடப்பாவி, இப்படியேவா கடையில உக்காந்திருந்த? மானம் போச்சு போ!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் சட்டையைச் சரியாகப் போட்டுக்கொள்ளாமல் அப்படியே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டாம் நாள் காலையில்தான் அதைக் கவனித்தான். கட்டிலிலிருந்து குழாயடிக்கு நேர்வழி. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் சிமெண்டுத் தரை. அவள் பாதி வழியில் வலப்பக்கம் ஒதுங்கி, எதையோ சுற்றிக்கொண்டு, மறுபடி நேர் வழிக்கு வந்தாள்.

"ஏன் பாப்பா சுத்திப் போற?"

"அலமாரி இருக்கேண்ணா."

"இங்க ஏது அலமாரி?"

"இருக்கு. முந்தாநாள் இடிச்சுக்கிட்டேன்," என்று புடவையை விலக்கி முழங்காலைக் காட்டினாள். ஏதோ ஒரு விளிம்பு பட்ட தடம். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக, ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

அவன் அந்த இடத்தில் போய்க் கைகளை விரித்துத் துழாவினான். காற்றுதான். பழைய வீட்டின் வரைபடம் குழப்புகிறது என்று விளங்கிவிட்டது, கட்டில் காலில் இடித்திருப்பாள், இவளுக்கு எங்கே தெரியும். போனை வாங்கி 'புது வீடு' என்பதை மறுபடி தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். மறுநாளும் அவள் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

அதற்கடுத்த நாள் அந்தச் சொல் வந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு போனுக்குத் திரை மாற்றிக்கொண்டிருந்தான். நல்ல பகல். கூரை ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது.

"கணவர். பின்னால். இருபது அடி."

தங்கை துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "கேட்டியா? எனக்குத்தான் கிடைக்கல, இதுக்கு ஒரு புருஷன் கிடைச்சிட்டான்!"

"அது பழைய ஆளோட முகம் பாப்பா, உள்ளயே தங்கிடுச்சு. கண்டுக்காத," என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. போன் அவள் மார்பில் தொங்குகிறது, கேமரா முன்பக்கம் பார்க்கிறது. பின்னால் இருப்பது இதற்கு எப்படித் தெரியும்? மெல்லத் தலையைத் திருப்பினான். கிடங்கின் அந்தக் கோடியில் காலி அட்டைப் பெட்டிகள், ஒரு சைக்கிள், சுவர். கூரையில் எப்போதும் குறுகுறுத்துக்கொண்டிருக்கும் புறாக்கள் சத்தம் காட்டாமல், எல்லாமே ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் பதினாறு அடி. அதற்கடுத்த நாள் பன்னிரண்டு. எப்போதும் பின்னால்தான். அவன் போனைப் பிடுங்கிப் பின்பக்கம் திருப்பிக் காட்டுவான், "யாரும் இல்லை," என்று சொல்லும். அவள் கழுத்தில் மாட்டிய மறு நிமிடம், "கணவர். பின்னால்," என்று ஆரம்பித்துவிடும். கடையில் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் காது பின்பக்கச் சுவரில் இருந்தது. காயாத துணி வாசனை கட்டிலைச் சுற்றி வர ஆரம்பித்தது. எல்லாத் துணியையும் துவைத்து வெயிலில் போட்டும் அது போகவில்லை.

தங்கை சிரிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். பயந்த மாதிரியும் இல்லை. ஏதோ பழக்கமான வீட்டில் நடப்பவள் மாதிரி, இல்லாத கதவுகளைத் தள்ளித் திறந்துகொண்டு, இல்லாத ஜன்னலோரம் கொஞ்சம் நின்று போனாள்.

பிறகு ஒரு மத்தியானம் கிடங்கின் நட்ட நடுவில் போன் சொன்னது. "படி. மேலே. பத்தொன்பது."

அவள் காலைத் தூக்கி வைத்தாள்.

"பாப்பா!"

அவன் கத்தியதில் அவள் திடுக்கிட்டுக் காலைக் கீழே இறக்கினாள். "என்னண்ணா? ஒரு படிதான ஏறினேன்."

அவள் பாதம் தரையைத் தொடும் முன், ஒரு சாண் உயரத்தில், முழு எடையோடு எதன் மீதோ ஊன்றி நின்றதை அவன் பார்த்தான். பார்க்கவில்லை. வெயில் கூசியிருக்கும். காலையிலிருந்து சாப்பிடவில்லை, கண் இருட்டியிருக்கும். இப்படியே சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தான்.

அன்று மாலை போனைப் பிடுங்கினான். அவள் கெஞ்சினாள், அவன் கேட்கவில்லை. கடையில் உட்கார்ந்து, உரிமம் போனால் மயிரே போச்சு என்று, பொத்தான்களை அழுத்திப் பிடித்து முழுக்க அழித்தான். இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் போனை அழித்திருப்பான், அதே முறைதான். திரை கறுத்து, வெளுத்து, புதுப் போன் மாதிரி எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. 'விழி' இருந்த இடமே இல்லை. போனை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோற்றைத் தொடவில்லை.

"கண்ணக் குடுத்துட்டுத் திரும்பப் பிடுங்கிட்டியேண்ணா," என்றாள். "இதுக்குக் குடுக்காமலே இருந்திருக்கலாம்."

"வேற நல்ல போன் வரும் பாப்பா. சத்தியமா வாங்கித் தர்றேன்."

அவன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே எப்போதோ தூங்கிப்போனான்.

காலையில் குழாய்ச் சத்தம் கேட்டுத்தான் விழித்தான். தங்கை முகம் கழுவிக்கொண்டு நின்றாள். மார்பில் போன். இழுப்பறைச் சாவி அவன் இடுப்பில் அப்படியே இருந்தது.

"இப்பதான்ணா நல்லாப் பேசுது," என்றாள். "முன்னைவிடத் தெளிவா."

ஓடிப்போய்ப் பார்த்தான். திரையில் எந்த மொழி வேண்டும் என்ற அதே வெள்ளைப் பக்கம். உள்ளே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததற்குள்ளிருந்து குரல் வந்தது. "கணவர். பின்னால். ஐந்து அடி."

அடையாள அட்டை நகலில் முகவரி இருந்தது. போனை அவள் கழுத்திலிருந்து அறுத்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, விற்றவரின் முகத்திலேயே வீசிவிடுவது என்று கிளம்பினான். வண்டியில் போகும்போது அவனுக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. அந்த ஆள் பெண்டாட்டியைப் படியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறான், பாவி, அதுதான் போனுக்குள் பதிந்து கிடந்து ஓடுகிறது. அப்படி நினைக்க ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது.

வீட்டைக் கண்டுபிடித்து வாசலில் நின்றவனுக்கு அந்த ஆறுதல் போய்விட்டது. ஓட்டு வீடு. ஒரே தளம். மாடி இல்லை, மொட்டைமாடி இல்லை, வெளியிலும் ஏணி இல்லை. தெருவிலிருந்து கூடம் வரை சமதரை.

மனிதர் கதவைத் திறந்தார். ஊசியைப் பார்த்ததும் கேட்காமலே, "நான் ஒண்ணும் பண்ணல தம்பி," என்றார்.

"படியில விழுந்துட்டாங்கன்னு சொன்னீங்களே சார். படி எங்க?"

"வேற என்னன்னு சொல்லச் சொல்ற?" அவர் கூடத்தின் நடுவைக் காட்டினார். "இதோ, இந்த எடம். நான் பின்னால கிணத்தடியில நின்னேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா, நடுக் கூடத்துல கிடக்கா. பதினேழு எலும்பு முறிஞ்சிருக்கு, மாடியிலேருந்து விழுந்திருக்கான்னு டாக்டர் சொல்றார். போலீஸ் என்னை மாடியக் காட்டுன்னு அடிக்குது. எந்த மாடியக் காட்டுவேன்?"

கூடத்துச் சுவரில் அந்த அம்மாவின் படம் மாட்டியிருந்தது. நான்கு முகங்களில் ஒன்று அது. ஒன்றுதான். மற்ற மூன்றும் யார் என்று ஊசி கேட்கவில்லை.

"கணவர்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான சார்?"

"நாங்களும் பழசாத்தான் வாங்கினோம். அது ஏற்கனவே உள்ள இருந்துச்சு. என்னைத்தான் சொல்லுதுன்னு நெனச்சோம், சிரிச்சுக்கிட்டோம். அப்புறம் ஒரு நாள் அத என் முகத்துக்கு நேரா காட்டினா." அவர் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "'எதிரே ஆண்'னு மட்டும்தான் சொல்லிச்சு."

ஊசி பையிலிருந்த போனை எடுத்து நீட்டினான். மனிதர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போயிடு. உன் காலில வேணாலும் விழறேன். கண்ண ஒட்டி மூடிப் பாத்துட்டேன், உடைச்சுப் பாத்துட்டேன், தண்ணியில போட்டுப் பாத்துட்டேன். வேற ஒருத்தர் கைக்குப் போனாத்தான் அது போகுது. உனக்கு வித்த அன்னிக்குத்தான் இந்த வீட்டுல சத்தம் நின்னுச்சு."

வேறொருவர் கைக்கு. வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான் ஊசி. அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் கை தானாகச் சொந்தப் போனை எடுத்து டீச்சரின் எண்ணைத் தேடியது.

"டீச்சர், நீங்க கேட்ட போன் வந்திருக்கு."

"நிஜமாவா தம்பி? நீங்க நல்லா இருப்பீங்க. நாளைக்கு வரட்டுமா?"

"இன்னிக்கே. இப்பவே. நானே கொண்டுவந்து தர்றேன்."

பாவம்தான். மகா பாவம். டீச்சருக்கும் ஒரு வீடு இருக்கும், காத்திருக்க யாராவது இருப்பார்கள். எல்லாம் தெரியும். என் தங்கச்சி பிழைக்கட்டும், அப்புறம் நான் நரகத்துக்குப் போய்க்கொள்கிறேன். நேரே டீச்சர் வீட்டுக்குத்தான் வண்டியை விட்டான். கடைத்தெரு முனையில், பைக்குள்ளிருந்து, துணிக்கும் இருட்டுக்கும் உள்ளிருந்து, போன் பேசியது.

"படி. ஒன்று."

வண்டி தடுமாறியது.

"இரண்டு."

திருப்பினான். கடை ஷட்டருக்கு முன்னால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். ஏழு. எட்டு. பின்பக்கச் சந்து. ஒன்பது. கிடங்கின் கதவு உள்ளே தாழிட்டிருக்கவில்லை. தள்ளினான்.

வெயில். காசு காசாகத் தரையெங்கும் வெயில். கட்டில் காலி. குழாயடி காலி.

"பாப்பா?"

"இங்கதாண்ணா இருக்கேன்."

குரல் மேலேயிருந்து வந்தது.

அண்ணாந்து பார்த்தான். முதலில் தெரிந்தவை உள்ளங்கால்கள். வெறுங்கால்கள், அழுத்தி ஊன்றியதில் ஓரங்கள் வெளுத்து, எதன்மீதோ தட்டையாகப் பதிந்திருந்தன. அவற்றுக்குக் கீழே ஒன்றுமில்லை. அவன் உயரத்துக்கு மேல் இன்னொரு ஆள் உயரம். ஒரு கையால் இல்லாத கைப்பிடியைப் பற்றியபடி அவள் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தாள்.

"பதினைந்து," என்றது அவன் பை.

"பாப்பா. அசையாத. அப்படியே நில்லு."

"ஏண்ணா? எத்தன படின்னு எனக்குத் தெரியும். போன் வேணாம்." அவள் முகத்தில் பழைய சிரிப்பு. சட்டையைத் திருப்பிப் போட்டதற்குச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. "இன்னும் நாலுதான்."

கட்டிலை இழுக்கலாமா. ஏணி. கடையில் ஏணி. ஓடினால் நேரம் ஆகும். கத்தினால் திரும்புவாள். திரும்பினால். அவளுக்கு நேர் கீழே போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தான்.

"பதினாறு. பதினேழு."

புறாக்கள் எதுவும் அசையவில்லை. காயாத துணி வாசனை தலைக்கு மேலிருந்து இறங்கியது.

"பதினெட்டு. பத்தொன்பது."

அவள் நின்றாள். களைத்துப்போய் ஒரு பெருமூச்சு விட்டாள். மேலே வந்து சேர்ந்த நிம்மதி அதில் இருந்தது.

"கணவர்," என்றது போன். "பின்னால். தொடும் தூரம்."

"அண்ணா," என்றாள் தங்கை. தலையைத் திருப்பாமல், பயமே இல்லாமல். "என் பின்னால நீதான வர்ற?"

அவன் வாயைத் திறந்தான். இல்லை என்று சொன்னால் திரும்புவாள். ஆமாம் என்று சொன்னால்.

விரித்த கைகளை இன்னும் உயரத் தூக்கினான்.

"பேச மாட்டியா? சரி, கையக் குடு," என்று அவள் தன் வலக்கையைப் பின்பக்கம் நீட்டினாள். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது நீட்டுவாளே, அப்படி.

வெயில் அந்தக் கையின் மேல் நேராக விழுந்தது. அவன் எல்லாவற்றையும் பார்த்தான். விரல்கள் காற்றில் சற்று நேரம் காத்திருந்தன. பிறகு அவள் புறங்கையில், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், நான்கு பள்ளங்கள் விழுந்தன. தோல் வெளுத்து, அழுந்தி, கை இறுகியது.

"உன் கை ஏண்ணா இவ்வளவு ஈரமா இருக்கு?" என்றாள் அவள்.